வித்துவான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்கள் சரித்திரம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்து செல்லுங்கால், முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, தம்பி, நம் குலத்துப் புலவர்களின் வரலாறுகளை எழுதிவரும் நீ, முன்னோர் சமயத்தை விட்டுப் பிற சமயம் புகுந்த ஒருவரையும் அவ்வரிசையிற் சேர்க்கப்போவதாகக் கேள்வியுற்றேன், அவரை நம்மவர் என்று எவ்வாறு கொள்வது என்று வினவினார். அவர் வினாவிற் பகைமை இல்லை, வருத்தமே இருந்தது. அவர் குடும்பத்திலும் இளைஞன் ஒருவன் அவ்வழியிற் சென்றிருத்தல் கூடுமென்று அவர் முகத்தைக் கண்டு ஊகித்தேன். அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. இக்கட்டுரையையே விடையாக அவர் ஏற்பாராக.

நம் காரைக்காலிற் பிறந்தார் எவர்க்கும் மாங்கனித் திருவிழா புதிதன்று. புனிதவதியார் கணவன் அனுப்பிய கனி இரண்டனுள் ஒன்றைச் சிவனடியார்க்கு இட்டதும், கணவன் இலையிலிருந்து மற்றொன்றும் கேட்டபொழுது இறைவனருளால் ஒரு கனி பெற்று அளித்ததும், அதன் சுவை வேறாக இருத்தல் கண்டு அவன் உண்மையை உசாவியதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த கதையே. திருவருளை வெளியிடுதல் தகாது, கணவன் வினவ மறைத்தலும் தகாது என்று இருபாலும் எண்ணித் துன்புற்ற அம்மையார், முடிவில் உண்மையையே உரைத்தார். அதனாற் பெற்ற பயன் யாது? கணவன் அஞ்சி விலகினான். மரக்கலம் ஏறிச் சென்று பாண்டிநாட்டில் வேறு மணஞ் செய்துகொண்டான். உள்ளிருந்த பக்தி வெளிப்பட்ட அன்றே அவ்வில்லறம் குலைந்தது. நாம் ஆனித் திங்கள்தோறும் மாங்கனிகளை வாரி இறைத்து மகிழ்கின்றோம். அம்மையார் அன்று இழந்ததை நினைப்பவர் நம்முட் சிலரே.

நெஞ்சில் ஒன்றை நம்பிக்கொண்டு, சுற்றத்தார்க்கு அஞ்சிப் புறத்தே வேறொன்றாய் ஒழுகுதல் எளிது. அகத்தையும் புறத்தையும் ஒன்றாக்குதற்கே துணிவு வேண்டும். சமயம் எதுவாயினும் இஃது ஒக்கும். சென்ற 19ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையிலே நம் வேளாள மரபில் தோன்றி, வைணவராய் வளர்ந்து, கிறிஸ்து சமயத்தைத் தழுவி, அதனை ஒளியாது வாழ்ந்த கிருஷ்ணபிள்ளையவர்கள் அத்துணிவை எவ்வாறு எய்தினார் என்பதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

இப்பெரியார் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை; தாயார் தெய்வநாயகியம்மாள். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். மைந்தர்க்கும் இளமையிலேயே அச்சுவையை ஊட்டினார். நம்மாழ்வார் அவதரித்த குருகூரும் தாமிரபருணிக் கரையிலேயே உள்ளதன்றோ? அந்நாட்டு வைணவக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தமிழும் பக்தியும் வேறுவேறாகத் தோன்றுதற்கு இடமில்லை.

கம்பர் பிறந்த தேரழுந்தூர் நம் காரைக்காலுக்கு அயலது. அவரைப் புரந்த சடையப்ப வள்ளல் வேளாளர் குலதிலகம். உழவின் பெருமையைக் கூறும் ஏரெழுபதும் கம்பர் பெயராலேயே வழங்குவது. சோழநாட்டுத் தேரழுந்தூரிலே பிறந்த அக்கவிஞர் வாக்கு, நெல்லைநாட்டு வேளாளச் சிறுவர் ஒருவர் நெஞ்சிற் பதிந்து, அவர் சமயம் மாறிய பின்னரும் மாறாது நின்று, ஒரு கிறிஸ்தவக் காப்பியமாகத் தளிர்த்தமை வியக்கத்தக்கது. பிற்காலத்தார் அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வழங்கியதும் இதுபற்றியே.

சாயர்புரம் சென்றமை

1853ஆம் ஆண்டில், தமக்கு வயது 26 ஆகும்பொழுது, கிருஷ்ணபிள்ளையவர்கள் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையிலே தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார். அவ்வூர் இப்பொழுது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்த ஜி. யு. போப்பையர் 1840-களில் அங்கே கல்விப்பணி புரிந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயரும் அத்திருச்சபையினரே.

நெற்றியில் திருநாமம் தரித்த வைணவப் பண்டிதர் ஒருவர் கிறிஸ்தவப் பள்ளியில் ஆசிரியராதல் அக்காலத்து அரிதன்று. பாதிரிமார்க்கு நல்ல தமிழ் வேண்டியிருந்தது, பண்டிதர்க்கு ஊதியம் வேண்டியிருந்தது. இருதிறத்தாரும் ஒருவர் சமயத்தில் ஒருவர் புகாதபடி எல்லை வகுத்து நடந்தனர். நம் கிருஷ்ணபிள்ளையவர்களும் முதலில் அவ்வாறே இருந்தார். அதுமட்டுமன்று, கிறிஸ்து சமயத்தின்பால் அவர்க்கு அப்பொழுது வெறுப்பும் இருந்தது. தம்மிடம் கற்கும் மாணவர் அச்சமயத்திற் சேர்தலை அவர் விரும்பவில்லை.

அக்காலத்து நெல்லைச் சீமையின் நிலையையும் ஒருவாறு அறிதல் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகக் கிறிஸ்து சமயத்திற் சேர்ந்துகொண்டிருந்தனர். அவருட் பெரும்பாலார் நாடார் முதலிய மரபினர். அவர்களை அந்நாளில் நம்மனோர் தாழ்வாக நடத்தினர் என்பதனை ஒளித்தல் நேர்மையன்று. இம்மாற்றத்தைப் பொறாதார் சிலர் 1840-களில் திருச்செந்தூரைச் சார்ந்த பகுதிகளில் விபூதிச் சங்கம் என்னும் பெயராற் கூடி, புதுக் கிறிஸ்தவர் வாழும் ஊர்களிற் புகுந்து கலகம் விளைத்தனர். ஆகவே, வேளாளர் ஒருவர் அச்சமயத்தைச் சேர்தல் என்பது தெய்வத்தின் பெயரை மாற்றிக் கொள்ளுதல் மாத்திரமன்று. தாம் நேற்றுவரை திண்ணைக்குக் கீழே நிறுத்தியவரோடு ஒரே தளத்தில் முழந்தாளிட்டு வணங்குதலும் ஆகும். எண்ணிப் பார்க்குமிடத்து, இதுவே பலரைத் தடுத்த பெருஞ்சுவர்.

மறைவில் நின்ற காலம்

வெறுப்பு எவ்வாறு விருப்பாயிற்று? ஒரே நாளில் ஆனதன்று. நாள்தோறும் அச்சமய நூல்களைக் கேட்டும் பார்த்தும் வந்தமையால் அவருள்ளம் சிறிது சிறிதாக அசைந்தது. நண்பர் ஒருவர் கொடுத்த நூல்களும் துணைசெய்தன. ஆங்கில நாட்டு ஜான் பனியன் எழுதிய யாத்திரிகர் கதையின் தமிழ் வசனமும் அவற்றுள் ஒன்று. தம்பியார் முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே அச்சமயத்தைத் தழுவிவிட்டார். பாவம், மன்னிப்பு, மனிதர் பொருட்டுத் தன்னுயிரைத் தந்த இறைவன் என்னும் கருத்துக்கள் கிருஷ்ணபிள்ளையவர்கள் நெஞ்சைப் பற்றின. எளியார்க்கு இரங்கி இறங்கிவரும் திருமாலின் கருணையைப் பாடிக் கேட்டு வளர்ந்தவர்க்கு, அக்கருணைச் செய்தி முற்றும் அயலாகத் தோன்றாமையும் இயல்பே.

1857ஆம் ஆண்டு வடநாட்டிற் சிப்பாய்க் கலகம் நிகழ்ந்து தேசமெங்கும் மனம் கலங்கியிருந்த காலம். அப்பொழுது நம் பண்டிதரின் உள்ளத்திலும் ஒரு கலகம் நடந்தது. அகத்தே கிறிஸ்துவை வழிபடத் தொடங்கிவிட்டார். புறத்தேயோ இன்னும் வைணவ வேளாளராகவே இருந்தார். இந்நிலை எத்துணைத் துன்பமானது என்பது பட்டார்க்கே தெரியும். தாயை நினைப்பார், மனைவியை நினைப்பார். வெளியிட்டுவிட்டால் உறவினர் பந்தியில் இடமில்லை. பெற்றோர்க்கு இறுதிக் கடன் செய்யும் உரிமை போயிற்றென்பர். வீட்டுப் பெண்களுக்கு மணம் பேச ஒருவரும் வாரார்.

சொத்துரிமை பற்றி மாத்திரம் ஓர் ஆறுதல் இருந்தது. சமயம் மாறினவர் தம் பரம்பரைச் சொத்தை இழக்கவேண்டுவதில்லை என்று கம்பெனியார் 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டத்தால் விதித்திருந்தனர். ஆயினும் சட்டம் நிலத்தைக் காக்கும், உறவைக் காக்குமோ? தாயின் கண்ணீர்க்கு எந்த நியாயஸ்தலத்தில் வழக்கிடுவது?

அவர் தயங்கினார் என்பதனை அவர் புகழுக்குக் குறைவென்று யான் கருதவில்லை. தயக்கமே இல்லாதவரைத் துணிவுடையார் என்று எவ்வாறு கூறுவது? சுற்றத்தின்மேல் அன்பில்லாதவன் சுற்றத்தை விட்டு ஓடுதல் எளிது. அன்புடையவன் அன்பையும் விடாது உண்மையையும் விடாது நிற்க முயலும்பொழுதுதான் துணிவு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகின்றது.

சென்னையில் ஞானஸ்நானம்

முடிவில் அவர் ஊரைவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார். ஆங்கே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரைச் சார்ந்த சாந்தோமில் உள்ள தூய தோமையார் ஆலயத்திலே ஞானஸ்நானம் பெற்றார். 31 வயது நிறைவதற்கு ஐந்து நாளே இருந்தன. ஹென்றி ஆல்பிரட் என்பன அன்று பெற்ற பெயர்கள். எச். ஏ. என்னும் தலைப்பெழுத்துக்கள் அவற்றையே குறிக்கும்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. புதுப்பெயர் பெற்றும் அவர் பழைய பெயரை எறிந்துவிடவில்லை. ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருங்கின. தாய்தந்தையர் இட்ட கிருஷ்ணன் என்னும் பெயர் முழுமையாக நின்றது. திருமாலின் திருநாமம் தாங்கிய கிறிஸ்தவப் புலவர் என்றால் முதலிற் கேட்பார்க்கு முரணாகத் தோன்றும். அவர்க்கோ அதில் முரண் இல்லை. தாம் நம்புவது இன்னதென்று உலகறியச் செய்துவிட்ட பின்னர், தம்மைப் பெற்றவரை மறுக்கவேண்டிய தேவை அவர்க்கு இல்லாதொழிந்தது. மறைத்து வாழ்பவனே பழைய அடையாளங்களைக் கண்டு அஞ்சுவான்.

ஊரிலே செய்யாது, நூற்றுக்கணக்கான மைல் கடந்து சென்னையிற் சென்று ஞானஸ்நானம் பெற்றது அச்சத்தாலன்றோ என்று ஒருவர் வினவலாம். அச்சமும் இருந்திருக்கலாம். உற்றார் கூடி ஆலயவாயிலில் அழுது தடுப்பராயின் அதனைக் கடத்தல் யார்க்கும் அரிது. துணிவு என்பது ஒரே பாய்ச்சலில் அடையும் மலையுச்சியன்று, படிப்படியாக ஏறப்படுவது. அவர்க்குச் சென்னை முதற்படியாயிற்று. அடுத்த படி அதனினும் செங்குத்தானது.

ஊர் மீண்டமை

சென்னையிலே பார்சிவல் பாதிரியார் நடத்திவந்த தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்குத் துணையாசிரியராகக் கிருஷ்ணபிள்ளையவர்கள் பணிபுரிந்தார். தலைநகரில் உத்தியோகம், கற்றோர் நட்பு, உறவினர் கண்ணுக்குப் படாத வாழ்வு ஆகிய இவையெல்லாம் இருந்தன. அங்கேயே தங்கியிருப்பின் அவரை யாரும் குறைகூறியிரார். ஆயினும் அவர் தம் நெல்லை நாட்டிற்கே மீண்டுவந்தார். சாயர்புரத்திலும் பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் தமிழாசிரியராய் அமர்ந்து, தம்மை இளமைமுதல் அறிந்தவர் நடுவிலேயே கிறிஸ்தவராக நெடுங்காலம் வாழ்ந்தார். இடையிற் சிலகாலம் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார்.

என் கருத்தில், ஞானஸ்நானம் பெற்ற அந்த ஒரு நாளைக் காட்டிலும் ஊர் மீண்ட பின்னர் வந்த நாட்களே அவர் துணிவுக்குச் சான்றாவன. சந்தையில் எதிர்ப்படும் மாமன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருமண ஓலை தம் வீட்டைத் தாண்டிச் செல்லும். பழைய நண்பர் பேச்சை வானிலையோடு நிறுத்திக்கொள்வர். இவையெல்லாம் சிறியவை, எந்த நூலிலும் எழுதப்படாதவை. ஆனால் ஒருவனை வளைத்துவிடும் ஆற்றல் பெருந்துன்பங்களைவிட இத்தகைய சிறு துன்பங்களுக்கே மிகுதி என்பதனைக் குடும்பஸ்தர் அறிவர்.

மனைவியார் முதலில் அவருடன் இச்சமயத்திற் சேர்ந்திலர். காலம் செல்லச் செல்ல அவரும் தம் கணவர் வழியையே மேற்கொண்டார். புனிதவதியார்க்குக் கிட்டாத பேறு இவர்க்குக் கிட்டியது என்னலாம்.

கிருஷ்ணபிள்ளையவர்கள் தம் உணவையும் நடையுடையையும் ஐரோப்பியரைப் பார்த்து மாற்றிக்கொள்ளவில்லை. புலால் உண்ணாமையை விடாது காத்தார். இதுபற்றி இருவகையாகக் குறைகூறுவார் உண்டு. கிறிஸ்தவரான பின்னும் வேளாளச் சாதியை விடவில்லையே என்பார் ஒருசாரார். வேளாளராக வாழ்ந்துகொண்டே நம் தெய்வத்தை விட்டாரே என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றை நாம் தள்ளிவிடலாகாது. உண்ணும் சோறு எதுவாயினும் குற்றமில்லை. யாருடன் உண்ணமாட்டேன் என்பதிலேயே குற்றம் உண்டு. அந்நாளைத் திருச்சபைகள் பலவற்றிலே சாதிக்கு ஓரிடம் வகுத்து உட்கார்ந்தனர் என்பதும், வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிபிரிக்கும் சுவரே நின்று 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டதென்பதும் நாம் நாணவேண்டிய செய்திகள். ஆலயத்துள்ளும் சென்று சாதியை நட்டவர் நம்மவரே. பின்னவர் கூற்றுக்கு விடையை முடிவிற் கூறுவேன்.

இரண்டு பிள்ளைகள்

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைத்தல் தகும். வேணாட்டு நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னரிடம் அலுவல் பார்த்தவர். குளச்சற் போரிலே 1741இல் சிறைப்பட்ட டிலனாய் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் நட்பால் கிறிஸ்து சமயத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்திலே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். 1749இற் சிறையிடப்பட்டு, பலவாறு துன்புறுத்தப்பட்டு, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமாபுரியில் அவர்க்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. அதற்கு முன்னரே, சாதிவேறுபாட்டை வெறுத்தவர் பெயரோடு சாதிப்பெயர் நிற்றல் தகாதென்று, பிள்ளை என்னும் ஒட்டினைத் திருச்சபையார் நீக்கிவிட்டனர்.

தேவசகாயமும் கிருஷ்ணபிள்ளையவர்களும் ஏப்ரல் 23ஆம் நாளே பிறந்தவர்கள் என்பது ஒரு வியப்பு. முன்னவர்க்கு எதிரே துப்பாக்கி நின்றது, பின்னவர்க்கு எதிரே சுற்றம் நின்றது. முன்னவர் நின்றது உயிரைக் கொடுக்கவேண்டிய இடம். பின்னவர் நின்றது உயிரோடிருந்து ஒவ்வொரு நாளும் விடை கூறவேண்டிய இடம். நம்முட் பெரும்பாலார்க்கு வருவது இரண்டாவது சோதனையே. ஆகலின் கிருஷ்ணபிள்ளையவர்கள் வாழ்வு நமக்கு மிக அணித்தானது.

காப்பியம் எழுந்தமை

இனி அவர் தமிழ்ப்பணியைக் கூறுவேன். மேலே யான் குறித்த ஜான் பனியன் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்த எளியவர். அரசாங்கத்தார் உத்தரவின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660 முதல் 12 ஆண்டு பெட்போர்டு நகரிற் சிறையிருந்தார். இனிப் பொதுவிற் பேசேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் விடுதலை பெற்றிருப்பார். வீட்டிலே கண்பார்வையற்ற பெண்குழந்தை இருந்தது. ஆயினும் அவ்வாக்கினை அவர் கொடுக்கவில்லை. அவர் எழுதி 1678இல் வெளிவந்ததே யாத்திரிகர் கதை. நாச நகரத்தில் வாழ்ந்த ஒருவன் தன் முதுகிற் பாவச் சுமையோடு உச்சிதப்பட்டணத்தை நாடிப் புறப்படுகின்றான். மனைவியும் மக்களும் அழைத்தழுகின்றனர். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். வழியிலே சேறும் மலையும் சிங்கமும் மாயச்சந்தையும் எதிர்ப்படுகின்றன. 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே அம்மனைவியும் மக்களும் அவன் சென்ற வழியே புறப்பட்டு வருகின்றனர்.

இக்கதையைக் கிருஷ்ணபிள்ளையவர்கள் ஏன் தம் காப்பியத்துக்குப் பொருளாகத் தேர்ந்தார் என்று யாரும் விளக்கவேண்டுவதில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் யார் என்பதனை அவர் அறிவார். அழைத்தழுத குரலும் அவர் செவியில் இருந்தது. பின்வந்த மனைவியையும் அவர் கண்டிருந்தார்.

இரட்சணிய யாத்திரிகம் என்னும் அப்பெருநூல் நற்போதகம் என்னும் திங்களிதழிற் பதின்மூன்று ஆண்டு தொடர்ந்து வெளிவந்து, 1894ஆம் ஆண்டில் நூலாக அச்சேறியது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவமும், 3,766 பாடல்களும் உடையது. ஆங்கில மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளை விரித்துக் குமார பருவத்திற் பாடியுள்ளார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களும் அமைத்துள்ளார். விருத்தங்களின் ஓசையிலே கம்பர் நடை தோன்றும். காப்பிய மரபு, வருணனை, உவமை எல்லாம் நம்முடையவை. பொருள் மாத்திரம் அயல்நாட்டினின்றும் வந்தது. போற்றித் திருவகவல், இரட்சணிய மனோகரம் என்பனவும் அவர் இயற்றியன. தாம் கிறிஸ்தவரான வரலாற்றையும் அவரே உரைநடையில் எழுதிவைத்தார்.

இதனை ஒரு தமிழாசிரியன் என்னும் முறையில் யான் வியப்பதுண்டு. கிறிஸ்தவத் தமிழ் என்றாற் பலரும் மொழிபெயர்ப்பு நடையையே எண்ணுவர். நம் காரைக்காலுக்கு வடக்கே உள்ள தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் முதலானோர் தமிழுக்கு அச்சும் வசனமும் தந்தனர். அந்நன்றியை மறத்தல் தகாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே தேம்பாவணி பாடினார். ஆயினும் அவ்விருவரும் தமிழைக் கற்றுக்கொண்டு தம் சமயத்தைச் சொன்னவர். கிருஷ்ணபிள்ளையவர்களோ தம் தாய் மொழியில், தந்தை மடியிற் கேட்ட ஓசையில், தாம் கண்டதைக் கூறினார். சமயத்தை ஒளித்து வைத்திருந்தவர் இக்காப்பியத்தைப் பாடியிருத்தல் இயலாது. தமிழை விட்டிருந்தாலும் இயலாது. இரண்டையும் ஒருங்கே வெளிப்படையாகக் கொண்டமையாலேயே இயன்றது.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள், தம் 72ஆம் வயதிலே, அப்பெருமகனார் இவ்வுலக வாழ்வை நீத்தார். இன்று தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலே அவர் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அவற்றைப் படித்துத் தேர்வெழுதுகின்றனர்.

முடிவுரை

நிற்க. முதியவர் வினாவிற்கு விடை கூறுவேன். கிருஷ்ணபிள்ளையவர்கள் நம்மவரா?

நம் முன்னோர் சமயத்தை அவர் விட்டார், மெய்யே. அதனைக் கண்டு வருந்துவார் வருந்துதல் இயல்பே. அவ்வருத்தத்தை யான் இகழேன். ஆயின் அவர் நம்மைப் பொய்யால் ஏமாற்றவில்லை. திருநாமத்தைத் தரித்துக்கொண்டே உள்ளே வேறொன்றை வணங்கி, நம் பந்தியில் அமர்ந்து காலங்கழிக்க அவர்க்கு வழி இருந்தது. அதனை அவர் ஏற்றிலர். நம் குலத்தார் வாக்குத் தவறாதவர் என்று நாம் பெருமை பேசுகின்றோமே, அப்பெருமையை நம் சமயத்தை விட்ட அவர்தாமே காத்தார்? பொய்யாக நம்மோடிருந்தவரைவிட மெய்யாக நம்மை விட்டவர் நமக்கு அணியவர் என்பதே என் துணிபு.

அன்றியும், இதிலே சுற்றத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. மகனோ மகளோ வேறொரு சமயத்தை நெஞ்சார நம்பத் தொடங்கினால், அதனைக் கூறும் துணிவு அவர்க்கு வேண்டும் என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். அவர் கூறினால் நாம் யாது செய்வோம் என்பதனை முன்னரே எண்ணினோமா? நம் வீட்டு வாயிலை அடைத்துவைத்துவிட்டு, நம் பிள்ளைகள் ஏன் ஒளிக்கின்றார்கள் என்று கேட்பதிற் பொருளில்லை. அவர்கள் மறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்தம் கோழைமையன்று, நம் கடுமையே. மாமன் சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமலிருந்தால் பாதித் துன்பம் தீரும். இளைஞர்க்கும் ஒரு சொல். வெளிப்படையாயிருத்தல் வேறு, பெற்றோர் வழிபாட்டை இகழ்தல் வேறு. கிருஷ்ணபிள்ளையவர்கள் தாம் இட்ட பெயரைச் சுருக்கிக்கொண்டு தாய்தந்தையர் இட்ட பெயரை முழுதும் வைத்துக்கொண்டதனை நினைவிற் கொள்க.

கோயிலும் மாதாகோயிலும் பள்ளிவாசலும் ஒரே ஊரில் நிற்க, தெற்கே நாகூரும் வேளாங்கண்ணியும் அணித்தாக இருக்க வாழ்பவர் நாம். அயலான் சமயத்தைப் பொறுக்க நமக்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் நம் வீட்டாரும் செல்கின்றனர். வீட்டிற்குள்ளேயே ஒருவர் வேறு வழி செல்லுங்கால் அப்பொறுமை எங்கே போகின்றதென்பதே வினா.

நம் சங்கத்து நூல்நிலையத்தில் இரட்சணிய யாத்திரிகம் இல்லை. கம்பராமாயணத்தின் பக்கத்தில் வைக்க ஒரு பிரதி வாங்குதல் வேண்டுமென அடுத்த கூட்டத்தில் விண்ணப்பம் செய்ய எண்ணியுள்ளேன். என்னை வினவிய முதியவர் அவ்விண்ணப்பத்தை ஆதரித்துப் பேசுவாராயின், அவர் வீட்டு இளைஞனும் அன்று கூட்டத்துக்கு வருவான் என்று நம்புகின்றேன்.